தெற்கா, வடகிழக்கா? அமெரிக்கக் கல்லூரித் தேர்வில் தீராத ஒரு வழக்கு

தெற்கு மாநிலம் ஒன்றில் பிறந்து நன்றாகப் படிக்கிற பிள்ளையை எங்கே அனுப்புவது? சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கா, ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் இருக்கிற வடகிழக்குக்கா? அமெரிக்கக் குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டுவருகின்றன. அரசியல்வாதிகள், ஆயர்கள், நீதிபதிகள், பொருளியலாளர்கள் எனப் பலரும் அவரவர் காலத்தில் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் கேள்வி எதிர்த்திசையிலும் கிளம்பியிருக்கிறது. நியூ ஜெர்சியிலும் கனெக்டிகட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் அலபாமாவுக்கும் தென் கரோலினாவுக்கும் டென்னசிக்கும் போகிறார்கள். அரசின் கல்வித் துறைத் தரவுகளை வைத்து வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் போட்ட கணக்குப்படி, வடக்கிலிருந்து வந்து தெற்கின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வோர் இருபது ஆண்டுகளில் 84 சதவீதம் கூடியிருக்கிறார்கள். 2018க்கும் 2022க்கும் இடையே மட்டும் 30 சதவீத உயர்வு.

தெற்கு என்று இங்கே சொல்வது, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பதினொரு மாநிலங்களை. வடகிழக்கின் உயர்கல்லூரிகள் என்றால் ஐவி லீக்கின் எட்டும் எம்.ஐ.டி.யும், ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், வெல்லெஸ்லி போன்ற சிறிய கல்லூரிகளும். இந்தக் கோடு ஒழுங்காக நிற்பதில்லை. டியூக், வாண்டர்பில்ட், ரைஸ் மூன்றும் தெற்கில்தான் இருக்கின்றன; அவற்றில் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் இடம்கூடத் தேறாது. பழமை என்று பார்த்தாலும் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி 1693இல் தொடங்கியது. யேலுக்கு எட்டு வயது மூத்தது. ஆனாலும் கோடு போட்டுத்தான் எல்லோரும் வாதாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்த கவலை வேறு வேறு என்பதுதான் இந்த வரலாற்றைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுகிறது.

விசுவாசம் பற்றிய அச்சம்

1821 பிப்ரவரியில், மிசூரியை அடிமை முறையுள்ள மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய தகராறு முழுதாக அடங்காத நேரத்தில், தாமஸ் ஜெஃபர்சன், பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் தன் சகாவான ஜேம்ஸ் பிரெக்கின்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். வர்ஜீனியாவின் இளைஞர்கள் வடக்கே போய், தங்கள் பகுதிக்கு எதிரானவர்களிடம் பாடம் கற்கிறார்கள் என்பது அவருடைய முறையீடு. ஆண்டுக்கு 3,00,000 டாலர் வடக்குக்குப் போகிறது என்று மதிப்பிடப்படுவதாக எழுதினார். பிரின்ஸ்டன் மாணவர்களில் பாதிக்கு மேல் வர்ஜீனியர்கள் என்று கேள்விப்பட்டதாக 1820இல் இன்னொரு கடிதத்தில் சொல்லியிருந்தார். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1819இல் நிறுவி இன்னும் திறக்காமல் இருந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். நிதி கேட்கும் கடிதத்தில் எண்கள் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும். முதல் மாணவர்கள் உள்ளே வந்தது 1825இல்.

அந்த வாதம் அடுத்த நாற்பது ஆண்டுகளில் கூர்மையானது. டென்னசியின் சிவானி மலைமேல் 'தெற்கின் பல்கலைக்கழகம்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனத்தை 1857இல் எபிஸ்கோபல் திருச்சபை ஆயர்கள் தொடங்கினார்கள். தெற்கின் பிள்ளைகள் வடக்கே போக வேண்டிய தேவை இருக்கக் கூடாது என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன நோக்கம். அதற்குத் தலைமை தாங்கிய லியோனிடஸ் போக், நியூ யார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் தெற்கின் படைத்தளபதியாகிப் போரில் இறந்தார். 1859 டிசம்பரில், அடிமை எதிர்ப்பாளர் ஜான் பிரௌன் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களுக்குள், ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தெற்கத்திய மாணவர்கள் இருநூறு பேருக்கு மேல் கூட்டமாகக் கிளம்பி ரிச்மண்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வர்ஜீனியாவின் ஆளுநரே அவர்களை வரவேற்றார்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனத்தைக் காட்ட ஜான் சி. கால்ஹூன் ஒருவரே போதும். 1804இல் யேலில் பட்டம் பெற்று, கனெக்டிகட்டிலேயே சட்டமும் படித்தவர், தெற்கின் தனி உரிமைக்கும் அடிமை முறைக்கும் மிக வலுவான வாதங்களை உருவாக்கியவர் ஆனார். வடக்கின் வகுப்பறை அவரை மாற்றியதாகத் தெரியவில்லை. கல்லூரி பிள்ளைகளின் அரசியலைத் திருப்பிவிடும் என்ற நம்பிக்கை, அதை அஞ்சுகிறவர்களிடமும் விரும்புகிறவர்களிடமும் இன்றுவரை சம அளவில் இருக்கிறது. கால்ஹூன் பெயரில் இருந்த யேல் விடுதிக் கல்லூரிக்கு 2017இல் கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் பெயரை வைத்தார்கள்.

வடக்கின் பணம், தெற்கின் கட்டடம்

போர் முடிந்தபோது தெற்கின் கல்லூரிகளிடம் பணமும் இல்லை, மாணவர்களும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகமே 1871இல் மூடப்பட்டு 1875இல்தான் திரும்பத் திறந்தது. அதன்பின் தெற்கில் எழுந்த பெரிய தனியார் நிறுவனங்களில் பலவற்றை வெளியிலிருந்தோ தொழில்துறையிலிருந்தோ வந்த செல்வம் கட்டியது. நியூ யார்க் ரயில் அதிபர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1873இல் தொடங்கிக் கொடுத்த ஏறத்தாழ பத்து லட்சம் டாலர், நாஷ்வில்லில் அவர் பெயரிலான பல்கலைக்கழகமானது. பிளவுண்ட நாட்டின் பகுதிகளை அது இணைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விருப்பம். அட்லாண்டாவில் எமரிக்குக் கோகோ கோலா பணம் வந்தது. டர்ஹமில் இருந்த டிரினிட்டி கல்லூரி, புகையிலையிலும் நீர்மின்சாரத்திலும் சம்பாதித்த ஜேம்ஸ் பி. டியூக் 1924இல் 4 கோடி டாலரில் அமைத்த அறக்கட்டளையால் டியூக் பல்கலைக்கழகம் ஆனது. 1912இல் ஹூஸ்டனில் திறந்த ரைஸின் நிறுவனர் மாசசூசெட்ஸில் பிறந்தவர். முதல் தலைவர் பிரின்ஸ்டனிலிருந்து வந்த கணிதப் பேராசிரியர்.

ஆக, தெற்கின் பெருமை என்று இன்று சொல்லப்படும் தனியார் பல்கலைக்கழகங்கள் வடகிழக்கைப் பார்த்து வார்க்கப்பட்டவை. அவற்றை வடகிழக்குக்கு மாற்று என்று சொல்வதில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர்களின் நகர்வும் பெரும்பாலும் வடக்கு நோக்கியே இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'சதர்ன் ரிவ்யூ' இதழை 1935இல் தொடங்கியவர்களில் கிளியன்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் இருவரும் பின்னர் யேலுக்குப் போனார்கள். தமிழுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு: உலகத் தமிழர் நன்கொடையில் அமைந்த ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு வந்த மார்த்தா செல்பி, அதற்கு முன் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர்.

விருப்பத்தில் பிறக்காத தேர்வு

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளையர்களின் கேள்வி. தெற்கின் பல மாநிலங்களில் கறுப்பின மாணவருக்கு 1960கள் வரை 'மாநிலப் பல்கலைக்கழகமா, வடகிழக்கா' என்று யோசிக்கும் வாய்ப்பே இல்லை. ஒரு கதவு சட்டப்படி மூடியிருந்தது. அவர்களுடைய தேர்வு வேறு வகையானது: ஃபிஸ்க் (1866), மோர்ஹவுஸ் (1867), ஸ்பெல்மன் (1881) போன்ற கறுப்பினக் கல்லூரிகள் ஒரு பக்கம், மிகச் சிலரை மட்டும் எடுத்துக்கொண்ட வடக்கு மறுபக்கம். மாசசூசெட்ஸில் பிறந்த டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் ஹார்வர்டுக்கு ஆசைப்பட்டார். ஊர்ப் பெரியவர்கள் பணம் திரட்டி அவரை டென்னசியின் ஃபிஸ்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே 1888இல் பட்டம் வாங்கிய பிறகுதான் ஹார்வர்ட். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். மார்ட்டின் லூதர் கிங் 1948இல் மோர்ஹவுஸில் பட்டம் பெற்று, 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். தெற்கில் அடித்தளம், வடக்கில் மேற்படிப்பு என்ற இந்த வழி பல கறுப்பினத் தலைவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிறது.

மாநிலங்கள் செய்த தந்திரம் இன்னொன்று. தம் பல்கலைக்கழகத்தில் சேர்க்காமல் இருப்பதற்காக, கறுப்பின மாணவருக்கு வெளிமாநிலத்தில் படிக்கப் பணம் கொடுத்தன. வடக்கே போகச் சொல்லி அரசே கொடுத்த உதவித்தொகை அது. எல்லை மாநிலமான மிசூரிக்கு எதிராக லாயிட் கெய்ன்ஸ் தொடுத்த வழக்கில் 1938இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது: வெள்ளையருக்கு மாநிலத்துக்குள் தரும் சட்டப் படிப்பை மற்றவருக்கும் மாநிலத்துக்குள்தான் தர வேண்டும். ஆனாலும் வெளியே அனுப்பும் திட்டங்கள் பல மாநிலங்களில் தொடர்ந்தன.

1950இல் வந்த ஸ்வெட் வழக்கு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. டெக்சாஸ் மாநிலம், தன் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மறுத்த கறுப்பினத்தவர் ஹெமன் ஸ்வெட்டுக்காகவே அவசரமாக ஒரு தனிச் சட்டக் கல்லூரியை அமைத்தது. அது சமமா என்று பார்த்த தலைமை நீதிபதி வின்சன், கட்டடத்தையும் நூலகத்தையும் எண்ணியதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களின் பெயர், முன்னாள் மாணவர்களின் செல்வாக்கு, சமூகத்தில் உள்ள மதிப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தார். டெக்சாஸில் வழக்காடப் போகிறவர் அங்கே நாளை நீதிபதிகளாகவும் சக வழக்கறிஞர்களாகவும் இருக்கப்போகிறவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 'உள்ளூர்ப் பல்கலைக்கழகம் தரும் தொடர்புக்கு ஈடில்லை' என்று இன்று பெற்றோர் சொல்லும் வாதத்துக்கு நான் அறிந்தவரை இதைவிடக் கனமான ஆதாரம் இல்லை. அது இனப்பாகுபாட்டை உடைக்கும் வழக்கில் பிறந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

கதவுகள் மெல்லத்தான் திறந்தன. ஜார்ஜியா 1961, மிசிசிப்பி 1962, அலபாமா 1963. டியூக் இளங்கலையில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததும் 1963இல்தான். ரைஸின் சாசனம் டெக்சாஸின் வெள்ளையருக்கு இலவசக் கல்வி என்று சொன்னது. அதை மாற்ற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது; அனுமதி 1964இல் கிடைத்தது. இனத் தடை நீங்கியதோடு இலவசமும் போனது, 1965 முதல் கட்டணம் வந்தது.

வடகிழக்கு தேடிய தெற்கத்தியர்

வடகிழக்குக் கல்லூரிகள் தெற்கு மாணவர்களை விரும்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது. அது அவ்வளவு அழகானதல்ல. 1922இல் ஹார்வர்ட் தலைவர் லோவெல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றார். எதிர்ப்பு வந்ததும் வேறு வழிகள் பிறந்தன. வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வந்தவர்களைத் தேர்வில்லாமல் சேர்க்கும் திட்டம் தெற்கையும் மேற்கையும் மனத்தில் வைத்து வந்தது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர் வேண்டும் என்ற கொள்கை, நியூ யார்க் யூத மாணவர்களின் பங்கைக் குறைக்கவும் பயன்பட்டதை ஜெரோம் கராபெல் தன் 'த சோஸன்' (2005) நூலில் ஆவணங்களோடு காட்டுகிறார். அதே கொள்கை அர்கன்சாஸ் சிற்றூர்ப் பிள்ளைக்கு ஹார்வர்டைத் திறந்துவிட்டதும் உண்மை.

கட்டணம் புகுந்த பிறகு

ஃபாக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃபியூரி' நாவலில் மிசிசிப்பியின் காம்ப்சன் குடும்பம் மகனை ஹார்வர்டுக்கு அனுப்ப மேய்ச்சல் நிலத்தை விற்கிறது. நிலம் விற்றுப் படிக்கவைப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. ஆனால் தெற்கு மாநிலங்கள் நிலத்தை விற்க வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று பணத்தோடு பெரிய அளவில் சொல்லத் தொடங்கியது 1993இல்.

அந்த ஆண்டு ஜார்ஜியாவின் ஆளுநர் செல் மில்லர் லாட்டரி வருமானத்தில் 'ஹோப்' உதவித்தொகையைக் கொண்டுவந்தார். பள்ளியில் சராசரியாக 'பி' மதிப்பெண் இருந்தால் மாநிலக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை. முதலில் 66,000 டாலர் என்று குடும்ப வருமான வரம்பு இருந்தது, சீக்கிரமே நீக்கப்பட்டது. ஃபுளோரிடா 1997இல் 'பிரைட் ஃப்யூச்சர்ஸ்' தொடங்கியது. லூசியானா, தென் கரோலினா, டென்னசி ஆகியவையும் பின்தொடர்ந்தன. ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கோ விளையாட்டுக்கோ உதவித்தொகை தருவதில்லை. அங்கே எல்லாம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. இரண்டு முறைகள் நேருக்கு நேர் மோதத் தொடங்கியது இங்கேதான்.

ஹோப் திட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் நிறைய. கார்ன்வெல், மஸ்டர்ட், ஸ்ரீதர் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஜார்ஜியாவின் நான்காண்டுக் கல்லூரிகளில் கூடிய சேர்க்கையில் பெரும்பங்கு, இல்லாவிட்டால் வெளிமாநிலம் போயிருக்கக் கூடியவர்கள் என்று காட்டியது. சூசன் டைனார்ஸ்கி அதற்கு முன்பே, பலன் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்கே அதிகம் போகிறது, கறுப்பின–வெள்ளை இடைவெளி விரிகிறது என்று எச்சரித்திருந்தார். ஆக, புத்திசாலிகளை ஊரில் நிறுத்துவது என்ற நோக்கம் ஓரளவு நிறைவேறியது. அப்படி நின்றவர்களுக்கு அது நல்லதா?

இதற்கு நேர் பதில், ஆச்சரியமாக, மாசசூசெட்ஸிலிருந்து வருகிறது. அந்த மாநிலமும் தன் அரசுக் கல்லூரிகளில் படிக்க ஒரு மதிப்பெண் உதவித்தொகை கொடுத்தது. கோஹோட்ஸ், குட்மன் இருவரும் 2014இல் காட்டியது: அதை வாங்கிக்கொண்டு, வளம் குறைந்த அரசுக் கல்லூரிக்குப் போனவர்கள் பட்டத்தை முடிக்கும் வாய்ப்பு குறைந்தது. சிறிய தொகைக்காகப் பெரிய இழப்பு. ஆனால் இதை அப்படியே வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில்லுக்கோ டெக்சாஸின் ஆஸ்டினுக்கோ பொருத்த முடியாது. மாசசூசெட்ஸில் சிறந்தவை தனியார் கல்லூரிகள். தெற்கில் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களே வலுவானவை. மாநிலத்துக்கு மாநிலம் 'ஊரில் நிற்பது' என்பதன் பொருள் மாறும். விவாதங்களில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

வடகிழக்கும் சும்மா இருக்கவில்லை. பிரின்ஸ்டன் 2001இல் கல்விக் கடனை எடுத்துவிட்டு முழுக்க உதவித்தொகையாக்கியது. ஹார்வர்ட் 2025–26 கல்வியாண்டு முதல் ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் வரையுள்ள குடும்பங்களுக்கு எல்லாம் இலவசம், 2,00,000 டாலர் வரை கல்விக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. தெற்கில் ரைஸும் வாண்டர்பில்டும் இதே வழியில் போகின்றன. டியூக் 2023 முதல் இரு கரோலினா மாநிலங்களில் 1,50,000 டாலர் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தது. விளைவு விசித்திரமானது. ஏழை, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் ஹார்வர்ட் பெரும்பாலும் அலபாமாவை விட மலிவு. வருமானம் இந்த வரம்புகளுக்கு மேலே, ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் போகும் முழுச் செலவைத் தாங்குவதற்குக் கீழே இருக்கும் குடும்பங்கள்தான் உண்மையில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. தெற்கின் அரசுப் பல்கலைக்கழகங்கள் வலை வீசுவதும் அவர்களைப் பார்த்துத்தான்.

அலபாமா இதைக் கொள்கையாகவே நடத்தியது. 2003இல் சுமார் 20,000 மாணவர்கள் இருந்த டஸ்கலூசா வளாகம், நாடெங்கும் ஆள் அனுப்பி, மதிப்பெண் பார்த்துத் தானாகக் கிடைக்கும் உதவித்தொகைகளை அறிவித்து, 2017இல் 38,000ஐத் தாண்டியது. இன்று அங்கே பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர். வட கரோலினா நேர்மாறு. 1986 முதல் பல ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களில் 18 சதவீதத்துக்கு மேல் வெளியாட்கள் கூடாது என்று வரம்பு வைத்திருந்தது. 'தெற்குப் பல்கலைக்கழகம்' என்று ஒரே பெயரில் இந்த இரண்டையும் அழைப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பது யோசிக்க வேண்டியது.

சம்பளத்தை அளந்தவர்கள்

கல்லூரியின் பெயர் வாழ்க்கையை மாற்றுமா என்ற கேள்விக்கு மிகவும் எடுத்தாளப்படும் பதில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரின் 2002 ஆய்வு. 1976இல் கல்லூரி சேர்ந்தவர்களில், ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி அனுமதியும் பெற்று, வேறு வேறு இடங்களில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். பெயர் பெற்ற இடத்தில் சேர்ந்ததால் மட்டும் வருமானம் கூடவில்லை. திறமை மாணவரிடம் இருக்கிறது, வாயில்கதவில் இல்லை என்று பலரும் இதைச் சுருக்கிச் சொன்னார்கள். அதே ஆய்வில் இருந்த விதிவிலக்கு அவ்வளவாகப் பரவவில்லை: ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்குப் பெயர் உதவியது. பின்னால் வந்த தொடர் ஆய்வில் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காதவர்களுக்கும் உதவியது தெரிந்தது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் வேறு முறையில் அளந்தார்கள். உயர்கல்லூரிகளின் காத்திருப்புப் பட்டியலில் இருந்து உள்ளே போனவர்களையும், போகாமல் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பியவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இதுவரை டேல்–க்ரூகர் சொன்னதுதான். ஆனால் உச்சத்தில் வேறுபாடு பெரிது. நாட்டின் மேல் 1 சதவீத வருமானத்தை எட்டும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது; பெயர் பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. அரசியல், நீதித்துறை, இதழியல், பெரு நிதி நிறுவனங்கள் என்று மேல்தட்டை நோக்கிப் போகிறவருக்கு இது முக்கியம். பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆக நினைப்பவருக்கு அவ்வளவு இல்லை. ஒரே தேர்வு மதிப்பெண் இருந்தாலும், மேல் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இந்தக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரு மடங்குக்கு மேல் என்பதையும், முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தச் சாய்வு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

தெற்கா வடகிழக்கா என்று கேட்பவர் இந்த ஆய்வுகளைக் கையில் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செட்டி குழு எடுத்த 12 உயர்கல்லூரிகளில் டியூக் உண்டு. டேல்–க்ரூகர் பயன்படுத்திய தரவில் டியூக், ரைஸ் போன்றவை வடகிழக்குக் கல்லூரிகளோடு ஒரே அளவுகோலில், மாணவர்களின் சராசரி மதிப்பெண் வரிசையில் நின்றன. அதாவது இரண்டும் அளந்தது தேர்வின் கடுமையை. திசை அங்கே மாறியாக வரவே இல்லை. பாஸ்டனில் படிப்பதற்கும் டர்ஹமில் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவற்றிலிருந்து எடுக்க முடியாது.

கீழ்ப்படியில் நிலைமை தெளிவு. மாநில முதன்மைப் பல்கலைக்கழகத்தில் மயிரிழையில் இடம் பிடித்தவர்களையும் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்ட மார்க் ஹூக்ஸ்ட்ரா (2009), இடம் பிடித்த வெள்ளை ஆண்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் அதிகம் என்று கண்டார். போவன், சிங்கோஸ், மக்ஃபர்சன் மூவரும் வட கரோலினாத் தரவுகளைக் கொண்டு, தகுதிக்குக் குறைந்த கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டம் முடிப்பது குறைகிறது என்று காட்டினார்கள். உச்சியில் ஹார்வர்டா வர்ஜீனியாவா என்று குடும்பங்கள் தலையை உடைத்துக்கொள்வதைவிட, கீழே முதன்மைப் பல்கலைக்கழகமா வட்டாரக் கல்லூரியா என்பதே அதிகம் பேரைப் பாதிக்கும் தேர்வு என்று சொல்ல இடமிருக்கிறது. பத்திரிகைகள் எழுதுவது என்னவோ முதலாவதைப் பற்றித்தான்.

பொருத்தம் என்ற சொல்லாடல்

கல்லூரி ஆலோசகர்கள் இன்று அதிகம் சொல்வது 'பொருத்தம்'. ஜாதகம் பார்ப்பவராவது பத்தில் எத்தனை என்று சொல்வார். இவர்கள் அதையும் சொல்வதில்லை. என்றாலும் பின்னால் சில உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. முதலாவது அளவு: ஆம்ஹர்ஸ்டில் எல்லா ஆண்டுகளும் சேர்ந்து 2,000 மாணவர்கள்கூட இல்லை, ஆஸ்டினில் 50,000க்கு மேல். இதைச் சமாளிக்கவே பெரிய வளாகத்துக்குள் சிறிய கல்லூரி என்ற மூன்றாவது வழி வந்தது. டெக்சாஸின் 'பிளான் டூ' திட்டம் 1935இலேயே தொடங்கியது. சனிக்கிழமைக் கால்பந்தும் ஃபிராட்டர்னிட்டி வாழ்க்கையும் தெற்கின் அடையாளங்கள் என்பார்கள். டார்ட்மத்திலும் ஃபிராட்டர்னிட்டிகளுக்குக் குறைவில்லை.

இதைவிட எடை கூடியது, படித்து முடித்தபின் எங்கே வாழப்போகிறோம் என்பது. ஸ்வெட் தீர்ப்பின் வாதம் மாநில அரசியலிலும் நீதித்துறையிலும் இன்னும் செல்லுபடியாகிறது. தேசிய அளவில் அதன் எதிர்ப்பக்கம் தெரிகிறது: இன்றைய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஹார்வர்டிலோ யேலிலோ சட்டம் படித்தவர்கள். எஞ்சிய ஏமி கோனி பேரட் இளங்கலை படித்தது மெம்பிஸின் ரோட்ஸ் கல்லூரியில். இதற்கிடையே மக்களும் வேலைகளும் தெற்கே நகர்கின்றன. 2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சாஸ் இரண்டு, ஃபுளோரிடாவும் வட கரோலினாவும் ஒவ்வொன்று என்று நாடாளுமன்ற இடங்கள் கூடின. நியூ யார்க்கும் பென்சில்வேனியாவும் ஒவ்வொன்று இழந்தன. சார்லட் வங்கி நகரமான பிறகு, நிதித்துறை வேலைக்கு வடக்கே போயே ஆக வேண்டும் என்ற வாதம் தேய்ந்துவிட்டது.

அரசியல் திரும்பி வந்தது

ஜெஃபர்சனின் கவலை இன்று இரு பக்கமும் கேட்கிறது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு நடந்த வளாகப் போராட்டங்கள், பென்சில்வேனியா, ஹார்வர்ட் தலைவர்களின் பதவி விலகல், 2024 ஏப்ரலில் கொலம்பியாவில் எழுந்த போராட்டக் கூடாரங்கள் ஆகியவற்றைக் கண்டு தெற்கே திரும்பிய குடும்பங்கள் உண்டு. மறுபக்கம் 2022இல் கருக்கலைப்பு உரிமை மாநிலங்களிடம் விடப்பட்டதையும், 2024 தொடக்கத்தில் டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்கள் சட்டப்படி மூடப்பட்டதையும், ஃபுளோரிடாவின் நியூ காலேஜ் நிர்வாகக் குழுவை 2023இல் ஆளுநர் மாற்றியமைத்ததையும் பார்த்துத் தெற்கைத் தவிர்ப்போரும் உண்டு. அதே 2024 ஏப்ரலில் ஆஸ்டினிலும் அட்லாண்டாவின் எமரியிலும் மாணவர்கள் கைதானார்கள் என்பதால் தெற்கு அமைதியானது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் மெலிது.

நீதிமன்றங்களும் வாஷிங்டனும் இந்த எல்லைக்கோட்டை மதிப்பதாகத் தெரியவில்லை. சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று 2023 ஜூனில் வந்த தீர்ப்பில் பிரதிவாதிகள் ஹார்வர்டும் வட கரோலினாவும். அடுத்த ஆண்டு புதிய மாணவர்களில் கறுப்பினத்தவர் பங்கு ஆம்ஹர்ஸ்டில் 11இலிருந்து 3 சதவீதமாகவும், சாப்பல் ஹில்லில் 10.5இலிருந்து 7.8 ஆகவும் இறங்கியது. யேலிலும் பிரின்ஸ்டனிலும் பெரிதாக மாறவில்லை. 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகை, அரசு நிதியில் முன்னுரிமைக்கு ஈடாக நிபந்தனைகள் வைத்த ஓர் ஒப்பந்தத்தை முதலில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியபோது, அந்தப் பட்டியலில் பிரௌன், டார்ட்மத், பென்சில்வேனியா, எம்.ஐ.டி.யோடு வர்ஜீனியாவும் வாண்டர்பில்டும் டெக்சாஸும் இருந்தன. முதலில் மறுத்தது எம்.ஐ.டி.; பின்னர் மறுத்தவற்றில் வர்ஜீனியாவும் ஒன்று.

இன்னும் தெரியாதவை

கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: தேர்வுக் கடுமை ஒத்திருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே, திசையைவிடக் குடும்ப வருமானமும் தரப்படும் உதவியும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. பெற்றோர் படிக்காத, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உயர்கல்லூரியில் இடம் கிடைத்தால் அதை விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு, மேல்தட்டுத் துறைகளை நாடாவிட்டால், சாப்பல் ஹில்லைத் தேர்வதால் பெரிய நட்டம் வருவதாகத் தெரியவில்லை.

இதற்கு அப்பால் சான்று குறைகிறது. ஹோப் போன்ற திட்டங்கள் நிறுத்திவைத்தவர்கள் ஐம்பது வயதில் எங்கே இருப்பார்கள், கறுப்பினக் கல்லூரிகளுக்கு இப்போது கூடிவரும் விண்ணப்பங்கள் நிலைக்குமா, மாநிலச் சட்டங்கள் ஆசிரியர்களை எவ்வளவு வெளியே தள்ளும் என்பவை ஊகங்கள். வடக்கிலிருந்து தெற்கே போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்களா, நான்காண்டு வெயிலுக்குப் பிறகு நியூ யார்க்குக்குத் திரும்புவார்களா என்பதைப் பொறுத்து, முன்னாள் மாணவர் தொடர்பு பற்றிய பழைய வாதங்கள் எல்லாம் மாறக்கூடும். செட்டி குழு வருமானத்தை மதிப்பிட்டது 33 வயதை வைத்து. 2022இல் பதினெட்டு வயதில் டஸ்கலூசாவுக்குப் போன நியூ ஜெர்சி மாணவர் அந்த வயதைத் தொடுவது 2037இல்.